மூழ்கும்போது முகம் கோணக்கூடாது

வாவியில் மீன் பிடிக்கிறவர்கள் அநியாயமாகச் சாகிறார்கள் என்று கொழும்பில் யாரோ ஒருவர் கூட்டமொன்றில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். அடுத்த மாரிக்கு முன்னால் மட்டக்களப்பில் ஒரு சபை முளைத்துவிட்டது. வாவி மீனவர் உயிர்காப்பு நவீனமயமாக்கல் சபை என்று பெயர். மாடிக் கட்டடம், குளிரூட்டி, வெள்ளை வாகனங்கள், வாசலில் நீரூற்று எல்லாம் வந்தன. பணிப்பாளராகத் தவேந்திரராசா என்பவர் வந்தார். சபையில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களை வேலைக்கு எடுத்தால் அவர்கள் தொழில்நுட்பத்தில் முழு நம்பிக்கை வைக்கமாட்டார்கள் என்று பணிப்பாளர் அதற்கு விளக்கம் சொன்னார்.

சபை முதல் வேலையாக மீனவர்களுக்கு ஆளுக்கொரு போன் கொடுத்தது. கூடவே ஒரு சட்டமும் கொடுத்தது. சபையின் போன் கையில் இல்லாதவன் வாவியில் இறங்கக் கூடாது, இறங்கினால் தோணி பறிமுதல்.

முதல் தலைமுறைப் போன் பார்க்கச் சகிக்காது. செங்கல் தடிப்பு, கறுப்பு இறப்பர் உறை, பக்கவாட்டில் பெருவிரல் அளவுக்கு ஒரு சிவப்புப் பட்டன். பின்பக்கத்தை நகத்தால் கழற்றி, பெட்டரியை எடுத்து வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஆபத்தென்றால் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை மீனவர்களின் போன்களும் ஒரேயடியாக ஊளையிட்டு, யார், எவ்விடத்தில் என்று சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை.

ஆரையம்பதி வினாயகமூர்த்திக்கு அந்த வித்தை போதும். அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. காரணம், அவர் தம்பி விஜிதரன்.

விஜிதரனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. குளிசை போடுவான், சில நாள் மறப்பான். வலிப்பு வருவதற்கு முன் அவன் மூக்கில் ஏதோ கருகுகிற மணம் அடிக்கும். அது அடித்தால் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு நேரம் இருக்கும். பிறகு அவன் அவனில்லை. கரையில் என்றால் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்திவிடலாம். தோணியில் என்றால் தண்ணீர்தான். அதனால் வினாயகமூர்த்தி அவனைத் தனியே விட்டதே இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே தோணியில் போனார்கள். ஒரு தோணி இறாலில் இரண்டு வீட்டு அடுப்பு எரிய வேண்டியிருந்தது. இரண்டும் அரைகுறையாகத்தான் எரிந்தது.

பட்டன் வந்தபிறகுதான் விஜிதரன் தனக்கென்று ஒரு தோணி எடுத்தான். கருகல் மணம் அடித்தவுடன் அழுத்திவிட்டால் அண்ணன் வந்துவிடுவார் என்பது ஏற்பாடு. ஏற்பாடு பலித்தது. ஒருநாள் காலையில் கரையோரக் கண்ணா மரங்களின் பக்கம் வலை வைத்துக்கொண்டிருந்த வினாயகமூர்த்தியின் இடுப்பில் போன் ஊளையிட்டது. சவள் துடுப்பைப் போட்டு வலித்துக்கொண்டு போய், தண்ணீருக்குள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்த தம்பியைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கினார். பின்னேரம் விஜிதரன் எழும்பியிருந்து சோறு தின்றான். அவன் பெண்சாதி மேனுகா அந்தக் கறுப்புப் போனுக்குத் திருநீறு பூசி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, செவ்வரத்தம்பூவும் சாத்தினாள்.

நன்றி சொல்லாமல் இருக்கக் கூடாது என்று வினாயகமூர்த்தி ஒரு பை நிறைய இறாலோடு சபைக்குப் போனார். மனுசன் செய்த பெரும் பிழை அதுதான்.

"அழுத்தினவுடனே வேலை செய்ததா?" என்று பணிப்பாளர் கேட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஓம் ஐயா. அழுத்தின கையோட."

"முதல் தடவையிலேயே?"

"ஓம் ஐயா. ஒங்கட பட்டன் இல்லாட்டி என்ட தம்பி இண்டைக்கி இல்ல."

பணிப்பாளர் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதை வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்றார். "வேலை செய்து முடித்துவிட்ட ஒரு பொருளுக்கு அடுத்த வருடம் எவன் நிதி ஒதுக்குவான்? பூரணமாக வேலை செய்கிற பொருள் என்பது வளர்ச்சி நின்றுபோன பொருள், தம்பி. எனக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்கிறார்கள். எல்லாரும் குடும்பக்காரர்."

இறாலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் தலைமுறை நகர மண்டபத்தில் வெளியிடப்பட்டது. மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், பெட்டிஸ், சோடா. பணிப்பாளர் மேடையில் ஒரு பட்டுத்துணியை விலக்கி, கண்ணாடித் துண்டு போல ஒன்றை உயர்த்திப் பிடித்தார்.

"பாருங்கள். பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை! அந்தச் சிவப்புப் பட்டன், ஒரு நல்ல முகத்தில் வந்த பரு மாதிரி, எத்தனை நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது தெரியுமா? அதை நாங்கள் அகற்றிவிட்டோம். இனிப் பட்டன் கண்ணாடிக்குள்ளே படமாக இருக்கும். முன்பைவிட மூன்று மடங்கு அழகான சிவப்பு!"

கைதட்டல் ஓய்ந்தபிறகு வினாயகமூர்த்தி எழும்பினார். வாங்கின போனை அங்கேயே சோடாவில் நனைந்த விரலால் தொட்டுப் பார்த்திருந்தார்.

"ஐயா, ஈரக்கையால தொட்டா இது கேக்குதில்லையே."

"ஏன் ஈரக்கையால் தொடுகிறீர்கள்?"

"ஆத்துக்குள்ள விழுந்தா கை ஈரமாத்தானே ஐயா இரிக்கும்?" ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்லுவார்கள்.

பணிப்பாளர் பக்கத்தில் நின்ற வடிவமைப்பு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி குனிந்து காதுக்குள் சொன்னது ஒலிவாங்கியில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. "நாங்க மேசையில வச்சுத்தான் சேர் சோதிச்சது. மேசையில ஈரமில்ல."

"நல்ல கேள்வி" என்றார் பணிப்பாளர். "இதற்கும் சபை ஏற்பாடு செய்யும்."

செய்தது. ஒவ்வொரு மீனவனுக்கும் சபையின் முத்திரை குத்திய துவாய் ஒன்று கிடைத்தது. அதைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீரில் விழுந்தவர் இடது கையால் நீந்தி, வலது கையை உயர்த்தி, சுட்டுவிரலைத் துவாயில் நன்றாகத் துடைத்து, விரல் உலரும்வரை பொறுத்திருந்து, பிறகு படத்தைத் தொட வேண்டும். தலை தண்ணீருக்குள் போகக் கூடாது, போனால் துவாய் நனைந்துவிடும். இதற்கு உலர் விரல் செயலமர்வு என்று முழுநாள் பயிற்சி வைத்து, கடைசியில் சான்றிதழும் கொடுத்தார்கள். விஜிதரன் முதலாவதாக வந்தான். அவனுக்குத்தானே அது உயிர்.

ஆனால் மீனவனின் விரலை மதிக்காத அந்தக் கண்ணாடி, இறாலை மதித்தது. அடேயப்பா, என்ன மதிப்பு! தோணிக்குள் கொட்டின இறால் துள்ளி விழுந்து படத்தில் உரசினால் போதும், ஊரெல்லாம் ஊளை. வினாயகமூர்த்தி வலையை அரைவாசியில் விட்டுவிட்டுச் சவளைப் போட்டு வலித்துக்கொண்டு போவார். போய்ப் பார்த்தால் தம்பி வாயில் சுருட்டோடு இருந்து இறால் தரம் பிரித்துக்கொண்டிருப்பான். "நான் இல்ல அண்ணன், இவன்தான்" என்று ஓர் இறாலைத் தூக்கிக் காட்டுவான். இருவரும் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றது. பிறகு யாருடைய ஊளைக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்றாகிவிட்டது. வினாயகமூர்த்தி மட்டும் திரும்பிப் பார்த்தார்.

வாவியில் ஆபத்து அழைப்புகள் பன்மடங்கு பெருகியிருப்பதாகவும் இது மக்கள் சபைமேல் வைத்த நம்பிக்கைக்குச் சான்று என்றும் பணிப்பாளர் அறிக்கை விட்டார். அழைத்தவர்களில் பெரும்பாலோர் இறால்கள் என்று தெரியவந்தபோது அவர் கலங்கவில்லை. "அழைப்பவர் மனிதரா இறாலா என்று பிரித்தறியும் கருவிதான் இன்றைய தேவை" என்றார். மூன்றாம் தலைமுறைக்கு நிதி வந்துவிட்டது.

மூன்றாம் தலைமுறை இன்னும் மெல்லியது. பணிப்பாளர் அதைப் பக்கவாட்டில் பிடித்தபோது பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அவர் வெறுங்கையோடு நிற்பதாகத் தெரிந்தது, அதற்கும் கைதட்டினார்கள். துளைகள் அடைபட்டிருந்தன. பின்மூடி ஒட்டப்பட்டிருந்தது. பெட்டரியை இனி யாரும் பார்க்க முடியாது. "அது உள்ளே இருக்கிறது என்று நம்புங்கள்" என்றார் பணிப்பாளர். பெட்டிக்குள் சார்ஜரும் இல்லை. சூழலைப் பாதுகாப்பதற்காக அதைத் தனியே, தனிப்பெட்டியில், தனி வாகனத்தில் அனுப்புவார்களாம். கண்ணாடியில் விரல் வைத்தால் விரல்ரேகையைப் படித்து, மனிதன்தான் என்று உறுதிசெய்த பிறகே போன் ஊளையிடும்.

வினாயகமூர்த்தி இந்த முறை கேள்வி கேட்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போய், சாமிப் படத்துக்குப் பக்கத்திலிருந்த பழைய கறுப்புப் போனை எடுத்துச் சபையிடம் திருப்பிக் கொடுக்காமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கச் சொன்னார் மேனுகாவிடம். "புதிசு காட்டுறதுக்கு. பழசு அழுத்துறதுக்கு. தம்பி ரெண்டையும் கொண்டு போகட்டும்."

ஒரு கிழமை கழித்து அழுத்திப் பார்த்தார்கள். ஊமை. காத்தான்குடியில் போன் திருத்துகிற ஹில்மியிடம் கொண்டு போனார். ஹில்மி நாலு திருகாணியைக் கழற்றி, ஊதி, ஊசியால் குத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"போன்ல ஒரு குத்தமும் இல்ல அண்ணன். இது கூப்பிடத்தான் செய்யிது. அங்கால கேக்கிறத்துக்குத்தான் ஆளில்ல. பழசுகள் கூப்பிட்டா எடுக்க வேணாம் எண்டு சபைக்காரனுகள் அடைச்சிப் போட்டானுகள்."

"அப்ப இந்தப் புதிசில ஒரு பட்டன் வச்சித் தா மனெ. ஒரேயொரு பட்டன்."

ஹில்மி புதியதைச் சூடாக்கி, நெம்பிப் பார்த்தான். திறக்கவில்லை. கடைசியில் ஒரு மூலையில் விரிசல் விட்டதுதான் மிச்சம். "முந்தினதுக்கு முதுகக் கழட்டலாம். இதுக்கு முதுகும் நெஞ்சும் ஒண்டாத்தான் இரிக்கி. உள்ள இடமுமில்ல அண்ணன்."

"பட்டன் இருந்த இடத்த என்ன செஞ்சானுகள்?"

"அதுல மூணாவது கெமரா வச்சிரிக்கானுகள்."

விரல்ரேகை பதிகிற நாள் வந்தது. வரிசையில் நின்ற மீனவர்களில் பாதிப்பேரின் விரலில் ரேகையே இல்லை. வலைக்கயிறும் உப்பும் நண்டும் சேர்ந்து எப்போதோ தேய்த்துவிட்டிருந்தன. விஜிதரனின் விரல்கள் கண்ணாடியைவிட வழுவழுப்பு. பதிவு அதிகாரி அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு விரல் இருக்கிறது. ரேகை இல்லை. கொஞ்ச நாள் தண்ணியில் இறங்காமல் இருங்கள், முளைக்கும்."

விஜிதரன் வீட்டில் குந்தியிருந்தான். மேனுகா அவன் விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசினாள். அண்ணன் தன் இறாலில் பங்கு அனுப்பினார். உண்மையாகவே ரேகை முளைத்தது! ஓடிப்போய்ப் பதிந்தான். சந்தோசமாகத் தோணியை இறக்கினான். வலை இழுக்க இழுக்க, பதிந்த ரேகை வந்த வழியே போய்விட்டது. போன் அவனை இறாலோடு சேர்த்துவிட்டது.

இதைச் சொல்ல வினாயகமூர்த்தி மறுபடியும் சபை ஏறினார். அவருக்கு இப்போது கோபம் இருந்தது, ஆனால் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பணிப்பாளரைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கன். அந்த முந்தின பட்டன மட்டும் திருப்பித் தாங்க. அழகு வேணாம். மெலிசு வேணாம். என்ட தம்பிக்கி வலிப்பு இரிக்கி. அவனுக்கு ரெண்டு மூச்சு நேரந்தான் ஐயா இரிக்கி."

பணிப்பாளர் இரக்கத்தோடு பார்த்தார். அவர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் கையூட்டு ஏதாவது கொடுத்துக் காரியம் பார்த்திருக்கலாம். "நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்" என்றார். "போன்கள் தலைமுறை தலைமுறையாக முன்னேறிக்கொண்டே போகின்றன. பிழை அவற்றில் இல்லை. உங்கள் விரல்கள்தான் இன்னும் முதலாம் தலைமுறையிலேயே நிற்கின்றன. விரல்களை எங்களால் மாற்ற முடியாது. அதற்கு வேறு அமைச்சு."

வினாயகமூர்த்தி வெளியே வந்து நீரூற்றுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னார். "ஒன்ட தோணியக் கவிழ்த்து வை. நாளைக்கி என்னோட வா. பழைய மாதிரிப் போவம்."

மறுநாள் இருவரும் ஒரே தோணியில் போனார்கள். வாவி நடுவில் சபையின் ரோந்துப் படகு வந்து மறித்தது. உயிர்காப்பு அங்கி அணிந்த ஓர் அலுவலர் ஒலிபெருக்கியில் கத்தினார். ஒரு தோணிக்கு ஒரு போன் என்பது விதி. இரண்டு போன்கள் ஒரே இடத்தில் நெருங்கியிருந்தால் கணினி அதை ஒரு போனாகக் கணக்கெடுத்துவிடும், மற்றவர் மூழ்கிவிட்டதாகப் பதிவாகும்.

"மூழ்கேல்லையே தம்பி, இந்தா இரிக்கான்!" என்று வினாயகமூர்த்தி தம்பியின் தோளில் தட்டிக் காட்டினார்.

"எங்களுக்குத் தெரியுது. கணினிக்குத் தெரியாது. இன்னொரு தடவை சேர்ந்து வந்தால் தோணி பறிமுதல்."

அப்படியாக விஜிதரன் மறுபடியும் தனித் தோணிக்கு வந்தான். அண்ணன் கூப்பிடு தூரத்தில் வலை வைத்தார். தம்பியைப் பார்ப்பதா வலையைப் பார்ப்பதா என்று அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

நான்காம் தலைமுறை வந்தபோது, சும்மா சொல்லக்கூடாது, வினாயகமூர்த்திக்கே கொஞ்சம் ஆசை வந்தது. விரலே வேண்டாம் என்றார்கள். ஈரம் ஒரு பொருட்டில்லை என்றார்கள். தண்ணீருக்கு அடியில் கிடந்தாலும் பழுதாகாது. ஆபத்து வந்தால் போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டியதுதான். போன் விழித்து, முகத்தை அடையாளம் கண்டு, ஊளையிடும். அடையாளம் காணும்வரை அணையாமல் காத்திருக்கும்.

"அப்ப இது வேலை செய்யும்" என்று வினாயகமூர்த்தி பக்கத்தில் இருந்த தம்பியிடம் சொன்னார். விஜிதரன் தலையாட்டினான்.

பணிப்பாளர் மேடையில் தொடர்ந்தார். "ஒரு சிறிய நிபந்தனை. முகம் நீங்கள் பதிவு செய்த முகமாக இருக்க வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். பயந்த முகம், அழுகிற முகம், கோணிய முகம் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது."

வினாயகமூர்த்தி எழும்பினார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள், அவரை இப்போது எல்லாருக்கும் தெரியும்.

"ஐயா, சாகப்போறவன்ட மொகம் கோணாதா?"

"கோணிய முகத்தை ஏற்றுக்கொண்டால் எவனும் கோணிக்கொண்டு வந்து உங்கள் போனைத் திறந்துவிடுவானே? உங்கள் பாதுகாப்புக்குத்தான் இது. உயிர் போனாலும் உங்கள் தரவு போகாது. அதற்குச் சபை உத்தரவாதம்!"

பெரிய கைதட்டல்.

அமைதியாக மூழ்குதல் என்ற செயலமர்வு தொடங்கியது. சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: மூழ்கும்போது முகம் கோணக்கூடாது. தண்ணீர் பீப்பா ஒன்றுக்குள் மீனவனின் தலையை அமிழ்த்திப் பிடிப்பார்கள். தூக்கியவுடன் அவன் வாயை மூடி, கண்ணைத் திறந்து, போனைப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினால் தோல்வி. இருமினால் தோல்வி. பயிற்றுநர் ஒரு படம் காட்டினார். மேல்நாட்டு மனிதர் ஒருவர் நீச்சல் தடாகத்துக்குள் மார்பளவு தண்ணீரில் நின்று புன்னகைத்துக்கொண்டிருந்தார். "இப்படி" என்றார் பயிற்றுநர்.

விஜிதரன் வீட்டில் கண்ணாடியின் முன்னால் நின்று பழகினான். குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு உடனே முகத்தை நேராக்குவான். மேனுகா பின்னால் நின்று, "வாய், வாய்" என்று திருத்துவாள். அவர்களுடைய மகள் அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தாள். கருகல் மணம் வந்தாலும் முகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று அவன் நம்பத் தொடங்கினான்.

"நான் படிச்சிட்டன் அண்ணன்" என்றான். "மொகத்த இப்பிடி வச்சிக்கிட்டு முப்பது வரைக்கும் எண்ணுவன்."

"வலிப்பு வரக்குள்ள நீ எங்க மனெ எண்ணுற?" என்று கேட்க வாயெடுத்தார் வினாயகமூர்த்தி. கேட்கவில்லை. தம்பியின் முகம் அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

அது நடந்த நாளில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. வினாயகமூர்த்தியின் வலையில் மரக்கட்டை ஒன்று சிக்கிக் கிழித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க முதுகைத் திருப்பினார். ஊளை எதுவும் கேட்கவில்லை. அதனால் நிதானமாகவே எடுத்தார். திரும்பிப் பார்த்தபோது தம்பியின் தோணி தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

"விஜிதரா! டேய் தம்பி!"

அவர் குதித்தார். முதல் தடவை சேறுதான் கையில் வந்தது. இரண்டாம் தடவையும் சேறு. மூன்றாம் தடவை ஒரு வெளிச்சம் தெரிந்தது, கலங்கல் தண்ணீருக்குள் நீலமாக. அதைப் பார்த்துக்கொண்டு போனார். தம்பி போனை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே இறுக்கிப் பிடித்திருந்தான். படித்ததை ஒழுங்காகத்தான் செய்திருந்தான். கரைக்கு இழுத்துப் போட்டு வயிற்றை அமுக்கினார், வாயில் ஊதினார், கன்னத்தில் அடித்தார், கத்தினார். போன் பக்கத்தில் மணலில் கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதில் எழுத்து ஒளிர்ந்தது. மேனுகா பிறகுதான் அதை அவருக்கு வாசித்துச் சொன்னாள். "முகம் தெளிவாக இல்லை. அமைதியாக மீண்டும் முயற்சிக்கவும்."

செத்தவீட்டுக்கு ஊரே வந்தது. வாவித் தொழிலாளிகள் அத்தனை பேரும் இடுப்பில் போனோடு வந்தார்கள், ஒரு காதை வாவியில் வைத்துப் பழகியவர்கள். பறை அடித்தது. பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் வெள்ளை வாகனம் ஒன்று வந்து நின்றது. பணிப்பாளர் மலர்வளையத்தோடு இறங்கினார். அதை வைத்துவிட்டு, வினாயகமூர்த்தியின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்.

"ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனால் ஒரு நல்ல செய்தி. போன் தண்ணீருக்குள் கிடந்தும் முழுமையாக இயங்குகிறது. இதுதான் எங்கள் முதலாவது உண்மையான சோதனை. அதைத் திரும்பப் பெற வேண்டும். ஒரு சிக்கல், உரிமையாளர் முகத்தைக் காட்டி விடுவித்துத் தர வேண்டும். புதைத்துவிட்டால் பிறகு கஷ்டம்."

வினாயகமூர்த்திக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. இரண்டு நாளாக அவருக்கு எதுவும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பணிப்பாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் பெட்டியின் மேல் குனிந்து, போனை விஜிதரனின் முகத்துக்கு நேரே பிடித்தார். சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் என்னவோ சடங்கென்று நினைத்துக் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். போன் பேசியது. "கண்களைத் திறக்கவும்."

"யாராவது கொஞ்சம் இமையை..." என்றார் பணிப்பாளர்.

மேனுகா நிமிர்ந்தாள். "என்ன செய்யிறீங்க? என்ட மனுசன்ட கண்ண நான் இந்தக் கையாலதானே மூடின! தொடாதீங்க! அத்தான், பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே அத்தான்!"

அவள் அத்தான் என்று கூப்பிட்டதற்கு வினாயகமூர்த்தி ஓடிவந்தார். அதற்குள் பணிப்பாளரின் பெருவிரலும் சுட்டுவிரலும் வேலையை முடித்துவிட்டன. விஜிதரன் கண் திறந்து போனைப் பார்த்தான். வாய் மூடியிருந்தது, தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டியிருந்தார்கள். முகம் கோணவில்லை. கண்ணாடி முன்னால் எத்தனையோ நாள் பழகியும் வராத அமைதி அதில் இருந்தது.

"நன்றி, விஜிதரன்" என்றது போன். "உங்கள் முகம் அடையாளம் காணப்பட்டது."

உடனே ஊளை கிளம்பியது. அந்தப் போனில் மட்டுமில்லை. பந்தலுக்குள் நின்ற அத்தனை மீனவர்களின் இடுப்பிலும், வேலியோரம் நின்றவர்களின் சட்டைப் பையிலும், பறை அடித்தவனின் மடியிலும், வினாயகமூர்த்தியின் இடுப்பிலும். விஜிதரன் ஆபத்தில் இருக்கிறார், விஜிதரன் ஆபத்தில் இருக்கிறார், உடனே உதவவும். ஒருவரும் அசையவில்லை. பணிப்பாளரின் முகம்தான் மலர்ந்தது.

"வேலை செய்கிறது!" என்றார். "பார்த்தீர்களா? ஒரேயொரு முயற்சியில்!" வினாயகமூர்த்தியின் கையை எடுத்துக் குலுக்கினார்.

"நிப்பாட்டுங்க" என்றார் வினாயகமூர்த்தி.

"நிப்பாட்ட முடியாது. தான் காப்பாற்றப்பட்டுவிட்டதாக உரிமையாளர் வாயால் சொன்னால்தான் நிற்கும்."

சிலர் போனை நிலத்தில் அடித்தார்கள். உடையவில்லை. ஒருவன் பெட்டரியைக் கழற்ற நகத்தால் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். கடைசியில் பொழுது போகிறதென்று ஊர்ப்பெரியவர்கள் சைகை காட்ட, ஊளையோடேயே பெட்டியைத் தூக்கினார்கள். பெட்டியைத் தாங்கிய பாடையின் முன்னங்கொம்பு வினாயகமூர்த்தியின் தோளில் இருந்தது. இடுப்பில் போன் துடித்தது.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசல் படலையோடு நின்றுவிட வேண்டும். மேனுகா நிற்கவில்லை. பிடித்தவர்களை உதறிக்கொண்டு தலைவிரிகோலமாகத் தெருவில் ஓடிவந்தாள்.

"அத்தான், அவர் கூப்பிடுறார்!" என்று கத்தினாள். "கேக்குதில்லையா அத்தான், அவர் ஒங்களத்தான் கூப்பிடுறார். கெதியாப் போங்களன்! பெட்டிய வச்சிற்றுப் போங்களன்!"

வினாயகமூர்த்தியின் கால்கள் நின்றன. பின்னால் தூக்கிவந்தவர்கள் அவர்மேல் முட்டிக்கொண்டார்கள். அவர் சுடலைப் பக்கம் பார்த்தார். வாவிப் பக்கம் பார்த்தார். "வாறன் மனெ" என்று சொல்லிக்கொண்டு வாவிப் பக்கம் திரும்பினார், பெட்டியும் அவரோடு சேர்ந்து திரும்பியது.